சங்கந்தீவில் கிடைத்த கல்

ஊரிகம், கோலார் தங்க வயல்
12 பிப்ரவரி 2023

பாரி,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது. பாதியில் உன் பக்கம் சிக்னல் போகிறது. நீ கட் செய்தாயா, தானாகப் போனதா என்று தெரியாமல் அன்று முழுக்க எதிரில் வருகிறவர்மேல் எரிந்து விழுகிறேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம்.

நீ செய்தது தப்பு. நைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மறுநாள் காலையில் நீ பையைத் தூக்கினாய். இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் பாறை துளைத்து அந்தத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டவர், மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கிறார். பெற்ற மகன் கடல் தாண்டி இலங்கையில் ஏதோ ஒரு தீவில் இடிந்துபோன மடத்தில் கல்லைப் படிக்கப் போய்விட்டான். பக்கத்து வீட்டு சரோஜம்மா தினமும் கேட்கிறார், "இன்னாமா, தம்பி எப்போ வர்றான்?" என்று. வேலையாகப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் காலை ரயிலில் ஒயிட்ஃபீல்டு போய், கடையில் நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக்குக் கண்ணாடி தேய்த்துவிட்டுத் திரும்பும்வரை நைனா தனியாகத்தான் இருக்கிறார். கரண்ட் போனால் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும். சரோஜம்மா ஓடிவந்து சிலிண்டரைத் திருகுகிறார். அவர் வீட்டில் பெருமாள் படமும் முருகன் படமும்தான் இருக்கின்றன. நம் பௌத்த மண்டபத்து ஆட்கள் ஒருவரும் வந்து உட்காருவதில்லை. இதையும் தெரிந்துகொள்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், நைனாவுக்கு உன்மேல் துளி கோபம் இல்லை. "அவன் எனக்காவத்தான் போய்கிறான். நாம புதுசா பௌத்தத்துல சேந்தவங்க இல்லமா, திரும்பி வந்தவங்க. அத்த ஒருத்தனும் நம்ப மாட்றான். அந்தத் தீவுல தமிழ்ல ஒரு எழுத்து கெடைச்சா போதும்" என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படிக்க உன்னிடமிருந்து கடிதம் வேண்டுமாம். அவருக்குத் தனித்தாளில் எழுது. எனக்கு எழுதுவதில் உண்மையை எழுது.

தென்றல்


சங்கந்தீவு
9 மார்ச் 2023

அக்கா,

உன் கடிதம் நேற்றுப் படகில் வந்தது. இருபத்து நாலு நாள். கோபம் மட்டும் ஆறாமல் சூடாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

தப்புதான். நைனா மூச்சுக்குத் தவிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. உன்னால் முடிகிறது என்பதால் உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். இதைவிட நல்ல காரணம் எதையும் ஜோடிக்க நான் விரும்பவில்லை. பெங்களூரில் பார்சல் கொடுத்துக்கொண்டு, தபாலில் கல்வெட்டுப் படித்தவனை ஒரு விகாரை கூப்பிட்டது என்பதும் காரணம். இனிமேல் எவர் கூப்பிடப் போகிறார்கள்?

இந்தத் தீவைச் சுற்றி நடக்க ஒன்றரை மணி நேரம் போதும். நடுவில் பனங்காடு. அதற்குள் பவளக்கல்லில் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. சில என் இடுப்பு உயரம்கூட இல்லை. பக்கத்தில் பிக்குகள் தங்கிய அறைகளின் அடித்தளம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியது என்கிறார் பெரிய தேரர், இங்குள்ள விகாரையின் மூத்த பிக்கு. அவர் சிங்களவர், எழுபத்தெட்டு வயது. உடைந்த தமிழில் என்னை "மகன்" என்று கூப்பிடுகிறார். என்னை வரவழைத்தவர் அவர்தான்.

மடம் எப்போது வெறிச்சோடியது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு மீன் பிடிக்க வந்த தமிழர்கள் ஞானஸ்நானம் பெற்று அந்தோனியார் கோயில் கட்டியிருக்கிறார்கள். கோயிலின் அஸ்திவாரத்தில் இருப்பதும் அதே பவளக்கல். கிடந்த தூபியைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். தீவின் பெயருக்கே இரண்டு கதை. சங்கு எடுத்த தீவு என்கிறார்கள் மீனவர்கள். பிக்கு சங்கம் இருந்த தீவு என்கிறார் தேரர். இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டு சிரித்தபடிதான் வாதாடுகிறார்கள்.

விகாரையில் தங்கியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு ஜெயசீலி என்ற பெண்ணின் வீட்டில். அவள் கணவன் எரிக் படகு வைத்திருக்கிறான். யுத்தத்தில் இரண்டு தடவை தீவை விட்டு ஓடி, திரும்பி வந்து, மூன்றாவது தடவை கட்டிய வீடு. முதல் நாள் என் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "தமிழாக்கள் புத்த சமயமோ? நான் கேள்விப்படவே இல்லை, தம்பி." அதை நிரூபிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். "ஏன், உங்கட ஊரில ஆரும் நம்பேல்லையோ?" என்றாள்.

என்ன சொல்ல? நம் தாத்தா சுரங்கத்து லைன் வீட்டில் இருந்துகொண்டு, இனி எவன் கோயில் வாசலிலும் தள்ளி நிற்க மாட்டேன் என்று பௌத்தரானதை, அன்றிலிருந்து இன்றுவரை நம்மைச் சுற்றியிருக்கிறவர்கள் வேஷம் என்று சொல்வதை, அவளிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

நைனாவுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன்.

பாரி


ஊரிகம்
5 ஏப்ரல் 2023

பாரி,

உன் தாளை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான்தான் படித்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். செயலாளர் நாகேஷ், "நம்ம பெருமாள் மவன் பாரு" என்று நடுவில் இரண்டு தடவை கை தட்டினார். வீட்டுக்கு வந்து நைனாவுக்கு மறுபடி படித்தேன். தூபிகள் பவளக்கல் என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "பவளம்னா செவப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுது.

மற்றபடி தினமும் அதே கேள்வி. "எழுத்து கெடைச்சுதாமா?" ரயிலுக்குப் புறப்படும்போது ஒரு தடவை, திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை. டாக்டர் இந்த வருஷம் தாண்டினால் பெரிது என்கிறார். நைனாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்கிற வேகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

கிடைக்கிற மாதிரி இருந்தால் சீக்கிரம் தேடு. கிடைக்காது என்றால் அதையாவது சீக்கிரம் சொல்லிவிட்டு வா.

தென்றல்


சங்கந்தீவு
28 மே 2023

அக்கா,

கிடைத்துவிட்டது.

புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமி முடிந்த வாரம். ஜெயசீலி வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கிறது. மூன்று மாதமாக அதன் மேல் உட்கார்ந்துதான் கை கழுவினேன். அன்று சோப்பு டப்பா கல்லுக்கு அடியில் விழுந்துவிட்டது. எடுக்கக் கை விட்டேன். விரலில் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. ஒரே சீரான பள்ளம். எரிக்கைக் கூப்பிட்டேன். அவனும் அவன் கூட்டாளி ஒருவனும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். ஜெயசீலி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவினாள்.

தமிழ், அக்கா. மூன்று வரி. முதல் வரி பாதி உடைந்திருக்கிறது. மிச்சத்தை நான் அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து படித்தேன்:

"...ப் பெரும்பள்ளிச் சங்கத்தார்க்குக் கல் தச்சன் மகள் சாத்தி வைத்த விளக்கு ஒன்று."

பள்ளி என்றால் மடம், சாத்தி என்பது அவள் பெயர். ராஜா இல்லை, வணிகர் இல்லை. கல் உடைத்தவன் மகள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் இந்தத் தீவு மடத்துக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு, தன் அப்பா தொழிலைச் சொல்லிப் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

பெரிய தேரர் வந்து பார்த்தார். ஜெயசீலி வீட்டையும் கிணற்றையும் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மகன், அவசரம் வேண்டாம். கொஞ்ச நாள் யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. தமிழ் எழுத்து என்பதால் அவருக்குக் கசக்கிறது என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் புனிதபூமிச் சபை என்ற அமைப்பின் செயலாளருக்குப் படங்களையும் என் வாசிப்பையும் கல் கிடந்த இடத்தின் வரைபடத்தையும் அனுப்பிவிட்டேன். அரசாங்கத்தின் துணையோடு பழைய மடங்களை மீட்பவர்கள் அவர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பிறகு எவரும் வேஷம் என்று சொல்ல முடியாது.

கல்லின் மேல் தாளை ஒட்டி எடுத்த மைப்படி ஒன்றை நைனாவுக்காகச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். பவளக்கல் சிவப்பு இல்லை, பழைய பல் மாதிரி நிறம் என்று சொல்.

பாரி


ஊரிகம்
25 ஜூன் 2023

பாரி,

நீ போன பிறகு முதல் தடவையாக உன்மேல் கோபம் இல்லாமல் எழுதுகிறேன்.

மைப்படியைக் கட்டிலின் மேல் விரித்தேன். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தார். பழைய எழுத்து, அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் "மகள்" என்ற இடத்தில் "ம" மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "கல்லு ஒடைச்சவன் மவமா. கல்லு ஒடைச்சவன் மவதான் வெளக்கு வச்சிகிறா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்குப் பயமாகிவிட்டது, மெஷினைக் கூட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தானே மண்டபத்துக்கு வருவேன் என்று ஒரே பிடிவாதம். சிலிண்டரோடு ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனோம். நாற்பது பேருக்கு மேல். சரோஜம்மாகூடத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாகேஷ் மைப்படியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நைனா எழுந்து நின்று பேசினார், பாரி. மூன்று வாக்கியம்தான். "எங்க நைனா சொன்னாரு, அவுங்க நைனா சொன்னாரு. சிரிச்சாங்க. இப்போ கல்லே சொல்லுது." அப்புறம் உட்கார்ந்துவிட்டார். சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். ஒருவர் எழுந்துபோய் நைனா காலைத் தொட்டார்.

நாகேஷ் நோட்டீஸ் அடிக்கப் போகிறார். நீ வந்துவிடு. வேலை முடிந்ததே. இப்போது வந்தால் அவரைச் சந்தோஷமாகவே பார்க்கலாம்.

அக்கா


சங்கந்தீவு
13 ஆகஸ்ட் 2023

அக்கா,

இந்தத் தடவை நைனாவுக்குத் தனித்தாள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.

போன மாதம் சபையிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். என் கையைக் குலுக்கினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு அளக்கத் தொடங்கினார்கள். தூபிகளிலிருந்து ஜெயசீலி வீட்டுக் கிணறுவரை நூல் பிடித்து மஞ்சள் கட்டை அடித்தார்கள். மடத்தின் கல் அங்கே கிடைத்ததால் மடத்தின் நிலம் அதுவரை இருந்திருக்கிறது. அது புனிதபூமி. அதற்குள் குடியிருக்கக் கூடாது. இருபத்து மூன்று வீடுகள் அதற்குள் வருகின்றன. அவர்கள் கையில் இருந்தது நான் போட்டு அனுப்பிய வரைபடம்.

கல்லை எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பழைய மடம் என்று இருக்கிறது. தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தச்சன் மகளும் இல்லை. சபைச் செயலாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் குழப்பம்" என்றார்.

தேரர் ஏன் அவசரம் வேண்டாம் என்றார் என்று இப்போது தெரிகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. தானே படகேறிப் போய்ச் சபைக்காரர்களிடம், இந்த மக்கள் என் அயலவர்கள், இவர்களை வீட்டை விட்டு எழுப்ப வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயசாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வந்ததிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறார்.

ஜெயசீலி வீட்டுக்குப் போனேன். தட்டு வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள். "கல்லைப் புரட்டித் தந்தது எரிக். தண்ணி ஊத்திக் கழுவினது நான். நீங்கள் படிச்சுச் சிரிச்சனீங்கள், நாங்களும் சேந்து சிரிச்சம். இப்ப அந்தக் கல்லு எங்களை எழும்பிப் போகச் சொல்லுதாம், தம்பி."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

இதைச் சரி செய்யாமல் நான் வர முடியாது.

பாரி


ஊரிகம்
10 செப்டம்பர் 2023

பாரி,

உன் கடிதத்தை ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியது தெரியவில்லை, பங்காருபேட்டை தாண்டியதும் தெரியவில்லை.

நைனாவிடம் சொல்லவில்லை. உன் தாள் எங்கே என்று கேட்டபோது, நானே ஒன்றை எழுதி, நீ எழுதியதாகப் படித்துக் காட்டினேன். அதில் கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தினமும் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். நைனா "உம்" கொட்டிக்கொண்டு கேட்டார். அப்படி ஒரு பொய்யை என் வாயால் படிக்க வைத்துவிட்டாய்.

உன்னை ஒன்று கேட்கிறேன். நீ படித்தது உண்மைதானே? உண்மை என்றால் அது எப்படி ஒரு வீட்டை இடிக்கும்? எனக்குப் புரியவில்லை. நாமும் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் இருக்கிறவர்கள்தான். யாராவது வந்து வாசலில் நூல் பிடித்தால் நைனாவைக் கட்டிலோடு எங்கே தூக்கிப் போவேன் என்று யோசித்தேன்.

சரி செய்ய முடிந்தால் செய். ஆனால் அவருக்கு நாள் இல்லை.

தென்றல்


சங்கந்தீவு
15 அக்டோபர் 2023

அக்கா,

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாதத் தொடக்கத்தில் எரிக் என்னைத் தேடி வந்தான். அந்தக் கல் இந்தத் தீவுக் கல்லே இல்லை என்றான். அவன் அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, வேறொரு தீவிலிருந்து திரும்பும்போது, வள்ளம் ஆடாமல் இருக்க அடியில் பாரமாகப் போட்டுக்கொண்டு வந்ததாம். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை.

அவன் சொன்னதை எழுதி, கீழே நான் என் கையெழுத்தைப் போட்டேன். கல் கிடந்த இடம் அதன் சொந்த இடம் அல்ல, அது இந்த மடத்தைச் சேர்ந்தது என்று நான் முன்பு எழுதியது தவறு, அதை வைத்து எல்லை குறிக்க முடியாது என்று. சபைக்கு ஒன்று, இருபத்து மூன்று குடும்பங்களும் போட்டிருக்கிற வழக்குக்கு ஒன்று. ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். சமணர் மடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர், இந்த மடத்தின் கல் இல்லை என்றால் அது பௌத்தக் கல் என்றே சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும்போது நைனா மண்டபத்தில் எழுந்து நின்றதாக நீ எழுதியிருந்ததுதான் ஞாபகம் வந்தது. போட்டேன்.

பிரயோஜனம் இல்லை. ஒன்பதாம் தேதி காலையில் வீடு இடிக்கிற இயந்திரத்தை ஏற்றிய பெரிய படகு வந்தது. வழக்கு முடியட்டும் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். இரண்டு நாளில் இருபத்து மூன்று வீடும் போய்விட்டது. ஜெயசீலி சமையல்கட்டிலிருந்து அம்மியை மட்டும் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். எரிக் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு கரைக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். அவர்களை மறுகரையில் தகரக் கொட்டகைகளில் வைத்திருக்கிறார்கள். அந்தோனியார் கோயிலை விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்க ஆள் இல்லை.

தூபிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். நம்முடையது என்று நினைத்துத்தான் இத்தனை தூரம் வந்தேன். வெட்கமாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

நைனாவுக்குச் சொல்லாதே. வழக்கில் சாட்சி சொன்னதும் வருகிறேன்.

பாரி


ஊரிகம்
3 டிசம்பர் 2023

பாரி,

மூன்று தடவை போன் செய்தேன். விகாரைக்கும் செய்தேன். புயல் மழையால் படகு இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் உனக்குத் தகவல் சொன்னதாக அங்கிருந்து சொன்னார்கள். நீ பேசியபோது அடக்கம் முடிந்திருந்தது. அப்போது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போதே நாகேஷ் வந்தார். கையில் போன். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நீ கையெழுத்துப் போட்ட தாளின் படமும் இருந்தது. நான் வாசலிலேயே மறித்தேன். "இவ்ளோ நோட்டீஸ் அடிச்சி ஊர் பூரா குட்த்துகிறேன்மா. இன்னிக்கு எல்லாரும் என்ன கேக்கறாங்க. அவரு ஒருத்தருக்கு மட்டும் தெரியக் கூடாதா?" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

நைனா உள்ளிருந்து கூப்பிட்டார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. நாகேஷ் போன பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"கல்லு அந்த எடத்துதே இல்லன்னு பாரி எழுதிக் குட்த்துகிறானா?"

"ஆமா நைனா."

"பொய் சொல்றவன் இல்லையே அவன்."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கட்டை, இருபத்து மூன்று வீடு, ஜெயசீலி, அந்தப் பெண் உனக்குச் சோறு போட்டது. அவர்கள் வீட்டைக் காப்பாற்றத்தான் எழுதிக்கொடுத்தாய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். 

"வூடு நின்னுச்சா?" என்றார்.

"இல்ல நைனா. இடிச்சிட்டாங்க."

"அப்போ இன்னாத்துக்குமா?"

 அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார். உன்னைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தபோது தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். போன மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போகவில்லை. சரோஜம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கித் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்தில் நாகேஷ்தான் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொன்னார். 

நீ வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்ல முடியவில்லை.

தென்றல்


சங்கந்தீவு
21 ஜனவரி 2024

அக்கா,

உன் கடிதத்துக்கு நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதியவை அவை. இது அது இல்லை.

பெரிய தேரர் பொங்கலுக்கு முந்திய வாரம் இறந்துபோனார். சபை வேறு ஆளை அனுப்புகிறது. விகாரையைக் காலி செய்யும் முன் மறுகரைக்குப் போனேன். தகரக் கொட்டகை. ஜெயசீலி என்னைப் பார்த்து உள்ளே போய்விட்டாள். ஆனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே நகர்த்திப் போட்டாள். எரிக் வந்து உட்கார்ந்தான். எங்கள் அப்பா இறந்துவிட்டார் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான். "சுகமில்லாம இருந்தவர் எண்டு சொன்னனீங்கள். எப்ப?" என்றான். எல்லாம் சொன்னேன். நைனா கடைசியாகக் கேட்டதையும் சொன்னேன்.

அவன் காலால் மணலைக் கீறினான். பிறகு சொன்னான்: "உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அப்பப்பா அதை வள்ளத்தில கொண்டு வரேல்லை. கிணறு வெட்டேக்க எட்டடிக்குக் கீழ கிடந்தது. வெளியில எடுத்துப் போட்டவர். அது அந்த மண்ணுக் கல்லுத்தான், தம்பி. வீட்டுக்காக நான் மாத்திச் சொன்னனான்."

எழுந்துவிட்டேன். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வழக்கு முடியுமட்டும் ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. கல்லு அங்கத்தையது எண்டு தெரிஞ்சால் நாங்கள் திரும்பிப் போகவே ஏலாது" என்றான். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தோனியார் பேரில் செய்யச் சொன்னான். செய்தேன்.

நைனா சொன்னது உண்மை, அக்கா. அவர் அப்பா சொன்னதும் உண்மை. அது பொய் என்று நம்பிக்கொண்டு அவர் செத்தார். நம்ப வைத்தது என் கையெழுத்து. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சத்தியத்தை மீறியதாகத்தான் ஆகும். ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பாரி


ஊரிகம்
19 பிப்ரவரி 2024

பாரி,

இதை நீ எனக்கு எழுதியிருக்கக் கூடாது. உன் பாரம் பாதி குறைந்திருக்கும். இங்கே அது முழுசாக வந்து சேர்ந்துவிட்டது.

கடிதம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு மண்டபம்வரை போனேன். நாகேஷ் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். நைனா பெயரில் இருக்கிற கறையைத் துடைக்க வேறு வழி இல்லை. கேட் பக்கத்தில் நின்றேன். நாகேஷ் படித்தால் அன்று சாயந்தரமே நோட்டீஸ் அடிப்பார். யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். போன தடவை அங்கேயிருந்து இங்கே வந்தது மாதிரி இங்கேயிருந்து அங்கே போகும். அந்த இருபத்து மூன்று குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் அடுப்பில் போட்டேன். உன் மற்றக் கடிதங்கள் இருக்கின்றன.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். பழைய நோட்டீஸ் ஒன்று அவர்கள் கையில் கிடைத்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டு எங்கே, படம் இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார்கள். ஒரு பெண் குறிப்பு எழுத நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். நாகேஷ் சங்கடத்தோடு எழுந்தார்.

"அந்தக் கல்லப் பத்தி வாணாம்பா. அது நம்மளுது இல்லன்னு பெருமாள் மவனே எழுதிக் குட்த்துட்டான். அவரு பொண்ணு இங்கதான் கீது" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "இன்னாமா தென்றல், அப்படித்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

அக்கா